புகை கொண்டு அறிதல்

மணிமேகலையைப் பாடமாகப் படித்தவர்களிலும் பலர் வேகமாகக் கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கும் 29-ஆம் காதை அது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்னும் பழைய எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு, எது சரியான ஏது, எது ஏதுவைப் போலத் தோன்றி ஏமாற்றுவது என்று சாத்தனார் வகுத்துக்கொண்டே போவார். கதை அறியும் ஆவலில் இருப்பவர்களுக்கு அது பொறுமையைச் சோதிக்கும். எங்களில் தமிழ் கற்பிப்பவருக்கே அது நெடுங்காலம் தேர்வு வினாக்களாக மட்டுந்தான் இருந்தது. சென்ற 2024-ஆம் ஆண்டில் ஒரு பழைய காரின் பின்னால் எழுந்த நீலப் புகை, அந்தக் காதையை மீண்டும் எடுத்துப் படிக்க வைத்தது.

நாங்கள் என்று இங்கே சொல்வது அண்ணன் தம்பி இருவரையும். அப்பா 2009-இல் வாங்கிய டர்போ டீசல் கார், 2022-இல் அவர் மறைந்த பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாக வந்து சேர்ந்தது. ஒருவர் பாளையங்கோட்டையில், மற்றவர் தென்காசியில். அம்மாவோ அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊரில், அந்தப் பழைய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று இருக்கிறார். பதினைந்து நாள் ஒருவரிடம், பதினைந்து நாள் மற்றவரிடம் என்று வண்டியைப் பங்கிட்டுக்கொண்டோம். யாரிடம் வண்டி இருக்கிறதோ அவர் அந்த வார இறுதிகளில் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. வண்டி நின்றுபோனால் அந்த ஏற்பாடும் தளர்ந்துவிடும் என்பதை இருவரும் உள்ளூர அறிந்திருந்தோம், வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஜூன் மாதத்தில் புகை தொடங்கியது. அதே சமயம் ஆயிலும் குறைந்தது. சமதளத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துக் கேஜ் கம்பியை உருவிப் பார்த்தால், மேல் கோட்டிலிருந்த அளவு 900 கிலோமீட்டரில் கீழ்க் கோட்டுக்கு இறங்கியிருந்தது. எங்கள் வண்டியில் அந்த இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு லிட்டர். தரையில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. ஒழுகாத எண்ணெய் எரிந்துதான் போயிருக்க வேண்டும். அக்டோபரில் பதிவுக் காலமான பதினைந்து ஆண்டு முடிகிறது. தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். பிஎஸ் 4-க்கு முற்பட்ட டீசல் வண்டிகளுக்குப் புகை அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக்கூடாது என்பது விதி. எங்கள் வண்டி விட்ட புகையைப் பார்த்தவர்களுக்குக் கருவியே தேவைப்பட்டிருக்காது.

அப்போது நாங்கள் செய்த முதல் காரியம், ஆளைச் சந்தேகித்தது. அப்பா காலத்திலிருந்து வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் உண்டு. மூன்று மாதம் முன்பு அவர்தான் ஆயில் மாற்றியிருந்தார். போலி ஆயிலை ஊற்றியிருப்பாரோ, அப்பா இல்லை என்றதும் கவனம் குறைந்துவிட்டதோ என்று பேசிக்கொண்டோம். அவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. நேராக நகரத்தில் வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். அங்கே ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை அழுத்தினார்கள். பின்னால் நீலமாகப் புகை குப்பென்று கிளம்பியது. பதினைந்து வருட வண்டி, 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, புகை நீலம். ஆகவே பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இஞ்சினைப் பிரித்தாக வேண்டும், 95,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எந்தக் கருவியையும் அவர்கள் கையில் எடுக்கவில்லை. வண்டியை விற்றாலே அந்தத் தொகை வருமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆயிலை மட்டும் நிரப்பிக்கொண்டு திரும்பினோம்.

இரண்டு வாரம் யோசித்த பின் அண்ணாச்சியிடமே போனோம். வேறு வழி இல்லாமல்தான் போனோம் என்பதையும் எழுதிவிடுவதே நேர்மை. அவர் பானெட்டைத் திறந்தார். மற்ற ஒர்க்‌ஷாப்பில் ஆயில் நிரப்பியதற்கு அடையாளமாகக் கட்டியிருந்த அட்டை உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். அவிழ்த்து, வண்டிக்குள் டேஷ்போர்டின் மேல் வைத்துவிட்டு மறுபடி குனிந்தார். எதுவும் கேட்கவில்லை.

"என்ன சொன்னாங்க தம்பி?"

"ரிங் போயிட்டுன்னு சொன்னாங்க அண்ணாச்சி. இஞ்சினைப் பிரிக்கணுமாம்."

"பிரிச்சிரலாம். பிரிக்கிறது லேசு. புகை எப்ப வருதுன்னு சொல்லுங்க, அத முதல்ல கேப்போம்."

எங்களிடம் பதில் இல்லை. புகை வருகிறது என்பது தெரியும்; நீலம் என்பது தெரியும்; எப்போது என்பதைக் கவனித்ததே இல்லை. "ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. ரெண்டு பேரும் எழுதணும். ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க, ஆயில் கேஜ மட்டும் தினமும் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் பயன்படக்கூடும் என்பதால், அண்ணாச்சியிடம் கேட்டும் அதன் பிறகு தேடிப் படித்தும் நாங்கள் புரிந்துகொண்டதை இங்கே தொகுத்துச் சொல்கிறோம். டீசல் வண்டியில் கறுப்புப் புகை என்றால், டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போவிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ஹோஸ் எங்காவது கிழிந்து காற்று வெளியேறலாம், இன்ஜெக்டர் கோளாறாகவும் இருக்கலாம். நீலப் புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகைக்கு மூன்று பொருள் உண்டு: சரியாக எரியாத டீசல், எரிவறைக்குள் கசியும் கூலன்ட், அல்லது வெறும் நீராவி.

நிறம் இவ்வளவுதான் சொல்லும். ஆயில் எரிகிறது என்று சொல்லுமேயன்றி, எந்த வழியாக வந்து எரிகிறது என்று சொல்லாது. வழிகள் பல. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் ஆயில் கீழிருந்து மேலேறி எரியும். பாரம் ஏற்றி மேடு ஏறும்போதும் வேகம் எடுக்கும்போதும் புகை தொடர்ந்து வரும். வால்வு சீல் இறுகிப்போனால் இரவெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கி, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு முறை புகைந்து அடங்கும். பெட்ரோல் வண்டியில் சரிவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தும்போதும் இந்தப் புகை தெரியும். காற்று வழியைத் தகட்டால் மூடித் திறக்காத பழைய டீசல் இஞ்சினில் அந்த உறிஞ்சல் குறைவு என்பதால், அந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. இஞ்சினின் உள்ளாவி வெளியேறும் பிரீதர் ஹோஸ் அடைத்தாலும் ஆயில் தவறான வழியில் தள்ளப்படும். டர்போ உள்ள வண்டியில் இவற்றோடு இன்னொரு வழியும் உண்டு.

டர்போ என்பது புதிய சரக்கு அன்று. வீணாகப் போகும் புகையின் விசையைக் கொண்டே காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் செலுத்தும் இந்த ஏற்பாட்டுக்கு, சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஷி 1905-இலேயே காப்புரிமை பெற்றார். ஒரே தண்டின் ஒரு முனையில் புகை சுழற்றும் சக்கரம். மறுமுனையில் காற்றை அழுத்தும் சக்கரம். காரில் உள்ள சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பல டர்போக்களில் அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். ஆயில் பம்பின் அழுத்தத்தில் மேலிருந்து உள்ளே வரும் எண்ணெய், வேலை முடிந்ததும் தன் எடையால் மட்டுமே கீழே ஒரு குழாய் வழியாக இஞ்சினுக்குத் திரும்புகிறது. அங்கே உள்ள சீல் ரப்பரால் ஆனதன்று. பிஸ்டன் ரிங்கைப் போன்ற இரும்பு வளையம். வெளியிலிருக்கும் வாயுவின் அழுத்தமும், எண்ணெய் தடையின்றிக் கீழே இறங்குவதும் சேர்ந்துதான் எண்ணெயை உள்ளே நிறுத்துகின்றன. திரும்பும் குழாய் அடைத்துவிட்டால், வளையம் புதிதாக இருந்தாலும் எண்ணெய் ததும்பி வெளியேறும்.

நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்புவோம். பாளையங்கோட்டையில் ஒருவர், தென்காசியில் ஒருவர் என்று எழுதியதில் பதினோரு குறிப்புகள் சேர்ந்தன. எழுதத் தொடங்கும்வரை எங்களுக்குள் ஒரு சிறு கசப்பும் இருந்தது. ஒருவர் ஓட்டுவதுதான் வண்டியைக் கெடுத்தது என்று மற்றவர் எண்ணிக்கொண்டிருந்தோம். நோட்டை ஒன்றாக உட்கார்ந்து படித்தபோது வேறொன்று தெரிந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலம் ஏறக்குறைய இல்லை. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறியபோதும் இல்லை. ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் இஞ்சினை அணைக்காமல் நின்றுவிட்டுக் கிளம்பிய ஒவ்வொரு முறையும் பின்னால் வண்டிகளே தெரியாத அளவுக்கு நீலம். ஒரு கிலோமீட்டருக்குள் அது நின்றுவிடுகிறது.

ஒரே ஒரு குறிப்பு எங்களை அச்சுறுத்தியது. தென்காசியில் சாரல் விழும் காலை ஒன்றில் வெள்ளைப் புகை என்று எழுதியிருந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று அஞ்சினோம். அண்ணாச்சி கூலன்ட் அளவைப் பார்த்தார், குறையவில்லை. "சைலன்சர விட்டு வந்ததும் கலைஞ்சிட்டா? ரோட்டுல தொங்கிச்சா?" என்றார். கலைந்துவிட்டது. "அப்ப அது புகையே இல்ல தம்பி, ஆவி."

மணிமேகலை நினைவுக்கு வந்தது அந்த இடத்தில்தான். கண்ணுக்குத் தெரிவது ஆவியோ பனியோ என்று ஐயம் தீராத நிலையிலேயே, அதைப் புகை என்று கொண்டு நெருப்பைச் சாதிப்பதை ஒரு குற்றமாகச் சாத்தனார் பெயரிட்டு வைத்திருக்கிறார். அதை விடவும் எங்களைச் சுட்டது அநைகாந்திகம் என்னும் குற்றம். ஒரு முடிவுக்கு மட்டும் உரியதாக நில்லாமல் அதற்கு மாறான முடிவுக்கும் இடம் தரும் ஏதுவை அப்படிச் சொல்வார்கள். நீலப் புகை ரிங் தேய்ந்த வண்டியிலும் வரும். ரிங் தேயாத வண்டியிலும் வரும். ஆகவே நீலத்தைக் காட்டி ரிங்கைக் குற்றம் சொல்ல முடியாது. ஆயில் மாற்றிய பின் புகை வந்தது என்பதைக் காட்டி ஆயில் மாற்றியவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. முதல் தவற்றை அந்த ஒர்க்‌ஷாப் செய்தது. இரண்டாவதைச் செய்தவர்கள் நாங்கள்.

நோட்டைப் படித்துவிட்டும் அண்ணாச்சி முடிவு சொல்லவில்லை. சோதிக்கத்தான் தொடங்கினார். ஓடும் இஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் துளையின் மேல் தளர்வாக வைத்தார். ரிங் தேய்ந்திருந்தால் கீழே கசியும் வாயு அந்த மூடியைத் துள்ள வைக்கும். அது லேசாக நடுங்கியதோடு சரி. பிறகு கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்தார்: 27, 26, 27, 26 பார். நான்கும் ஒட்டி நின்றன. அளவு குறைந்திருந்தால் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளப்பது பெட்ரோல் வண்டிக்கு உள்ள வழக்கம். டீசலில் எரிவறை மிகச் சிறியது, விட்ட ஆயிலே இடத்தை அடைத்து எண்ணைக் கூட்டிக் காட்டும், அதை நம்பாதீர்கள் என்றும் சொன்னார்.

அடுத்து டர்போ. காற்று வரும் பக்கத்து ஹோஸைக் கழற்றி, தண்டை விரலால் அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் மிகச் சிறிதாக ஆடியது. எண்ணெய்ப் படலத்தில் மிதக்க வேண்டிய தண்டுக்கு அவ்வளவு ஆட்டம் இருக்கலாம். இலைகள் சுவரில் உரசக்கூடாது, முன்னும் பின்னுமாக ஆட்டம் தெரியக்கூடாது. அந்தப் பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டுமே இருந்தது. அதுவும் பிரீதர் வழியாக வருவதுதான். கடைசியாகப் புகை வழியில் இரண்டு இடங்களைப் பிரித்தார். இஞ்சினிலிருந்து புகை டர்போவுக்குள் நுழையும் இடம் உலர்ந்த கரியாக இருந்தது. டர்போவை விட்டு வெளியேறும் இடம் எண்ணெயில் நனைந்து மினுங்கியது. நுழையும்போது உலர்ந்திருப்பது வெளியேறும்போது நனைந்திருந்தால், நடுவில்தான் எண்ணெய் சேர்கிறது. அதற்கு மேல் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எண்ணெய் திரும்பும் குழாயைக் கழற்றினார். பெருவிரல் பருமனுள்ள அந்தக் குழாயில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி மிஞ்சியிருந்தது. சுற்றிலும் கருகி இறுகிய எண்ணெய், தோசைக்கல்லில் பிடித்த கருக்கைப் போல. வண்டி நின்றபடி ஓடும்போது புகையின் அழுத்தம் குறைவாக இருப்பதால், இறங்க வழியில்லாத எண்ணெய் அந்த வளையத்தைத் தாண்டிப் புகைக் குழாயில் தேங்கும். கிளம்பியவுடன் சூடேறி, தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் புகையும். நோட்டில் இருந்த ரயில்வே கேட் குறிப்புகளுக்கு அதுவே பொருள்.

இடையில் ஓர் எச்சரிக்கை. எண்ணெய் புகைப் பக்கம் கசிந்தால் நட்டம் பணத்தோடு போகும். காற்றுப் பக்கம் பெருமளவில் கசிந்தால், டீசல் இஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாக்கிக்கொண்டு தானாக வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டியில், பிரேக்கை முழுதாக மிதித்தபடி உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட்டு இஞ்சினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் வண்டியை விட்டு விலகிவிட வேண்டும். ஆயில் வேகமாகக் குறையும் டர்போ டீசலை ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டிருப்பது ஆகாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

எண்ணெய் ஏன் கருகியது என்று கேட்டோம். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே, "ஐயா வீட்டு வாசல்ல வண்டி வந்து நின்னதும் என்ன செய்வாங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றார்.

நன்றாக நினைவிருந்தது. வண்டி நின்ற பிறகும் அப்பா ஒரு நிமிடம் இஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். டீசல் விற்கும் விலைக்கு இது தேவையா என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. வண்டி வாங்கிய புதிதில் அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த வழக்கமாம் அது. வேகமாக ஓடிவந்த வண்டியின் டர்போ கடுஞ்சூட்டில் இருக்கும். உடனே அணைத்தால் ஆயில் பம்பும் நின்றுவிடும். தண்டைச் சுற்றி நிற்கும் எண்ணெய் அந்தச் சூட்டில் வெந்து கரியாகும். ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டால், ஓடும் எண்ணெயே சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். அப்பா 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றினார். நாங்கள் 10,000-ஐத் தாண்டவிட்டோம். அப்பா காத்திருந்தார். நாங்கள் வந்த வேகத்தில் சாவியைத் திருகிவிட்டு இறங்கினோம். இரண்டு வருடம் இருவரும் மாறிமாறி அதைச் செய்திருக்கிறோம். யார் ஓட்டிக் கெட்டது என்ற கேள்விக்கு விடை இருவரும் என்பதே.

டர்போவின் நடுப்பகுதி, திரும்பும் குழாய், பிரீதர் ஹோஸ், ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றியதற்கு 23,000 ரூபாய் ஆயிற்று. குழாயைச் சுத்தம் செய்யாமல் டர்போவை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் சில வாரங்களில் ஒழுகியிருக்கும் என்றார் அண்ணாச்சி. பழைய எண்ணெய் எரிந்து தீரச் சைலன்சருக்கு இருநூறு கிலோமீட்டர் பிடித்தது. அக்டோபரில் சோதனைக்குப் போனபோது கருவி 41 காட்டியது. இப்போதும் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டருக்கும் குறைவாக ஆயில் இறங்குகிறது. அந்த வயதுக்கு அது போகட்டும் என்கிறார்.

பணம் கொடுத்த அன்று, அவரைச் சந்தேகித்ததைச் சொல்லிவிட்டோம். போலி ஆயில் என்று நினைத்ததையும் சேர்த்தே சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "அந்த அட்டையப் பாத்தப்பவே தெரியும் தம்பி. கேட்டிருந்தா டப்பாவக் காமிச்சிருப்பேன், இங்கதான் கெடக்கு" என்று மட்டும் சொன்னார். மூலையில் காலி டப்பாக்களோடு அதுவும் கிடந்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும் காரியம். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பழுது பார்த்த பின் முதன்முறையாக இருவரும் சேர்ந்தே ஊருக்குப் போனோம். வாசலில் வண்டியை நிறுத்தி, அணைக்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தோம். சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து மெதுவாக நடந்து வந்து கேட்டைத் திறந்தார். முழங்கால் வலியோடு திண்ணையிலிருந்து கேட் வரை வர அவருக்கு ஏறக்குறைய அந்த ஒரு நிமிடம் ஆகிறது.

"அப்பாவும் இப்படித்தான். நான் வந்து திறக்குற வரைக்கும் இறங்கவே மாட்டாக. சத்தம் நின்னுட்டா நான் அவதி அவதியா ஓடி வருவேன்னு, வண்டிய ஓடவிட்டுட்டே இருப்பாக" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டர்போவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அம்மா சொன்னது தவறு என்று காட்ட எங்களிடம் எந்த ஏதுவும் இல்லை.